‘கியர் விழல’ என்றால் எங்கே விழவில்லை?

சிவப்பு விளக்கில் நிற்கிறேன். முதல் கியரிலிருந்து நியூட்ரலுக்கு வர வேண்டும். காலால் மெல்லத் தூக்கினால் இரண்டுக்குத் தாவுகிறது. அழுத்தினால் ஒன்றுக்குத் திரும்புகிறது. நடுவில் எரிய வேண்டிய பச்சை விளக்கு மட்டும் எரிய மாட்டேன் என்கிறது. கிளட்ச் லீவரைப் பிடித்துப் பிடித்து இடது கை மரத்துவிட்டது. அப்படிப் பிடித்திருக்கும்போதே வண்டி முன்னால் ஊர்கிறது. பிரேக்கை விட்டால் முன்னால் நிற்கும் ஆட்டோவில் போய் முட்டும். எரிச்சலில் என்ஜினை அணைத்தேன். அதே கால், அதே தட்டல். நியூட்ரல் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போய் நான் சொன்னது இரண்டே சொல்: ‘கியர் விழல.’ பதிலும் அதே சுருக்கத்தில் வந்தது: ‘பாக்ஸ் போயிருக்கும். என்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்.’ என்ஜினை இறக்குவது என்ற பேச்சு காதில் விழுந்ததும் வண்டிக்காரனுக்கு வயிற்றில் புளி கரைக்கும். செலவு ஒரு பக்கம். பிரித்துக் கோத்த என்ஜின் பழைய மாதிரி ஓடுமா என்ற கவலை இன்னொரு பக்கம்.

அந்த இரண்டு சொல்லை விரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. நம் சாலைகளை நிறைத்திருக்கும் நூறு முதல் இருநூறு சி.சி. வரையிலான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். பழைய புல்லட்டும் எஸ்டியும் தேவைப்படும் இடத்தில் எட்டிப் பார்க்கும். என் கட்சி எளியது: கிளட்ச், கியர் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை வண்டியே சொல்லிவிடும். எந்த கியரில், என்ஜின் ஓடும்போதா அணைத்த பிறகா, சூட்டிலா குளிரிலா என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்பேனரின் முறை அதற்கப்புறம்.

கை ஒரு வழி, கால் ஒரு வழி

நம் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது எண்ணெயில் ஊறிக் கிடக்கும் பல தட்டுக் கிளட்ச். உரசுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் எஃகுத் தட்டு ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். உரசுத் தட்டுகளின் காதுகள் வெளிக்கூடையான ஹவுசிங்கின் பள்ளங்களில் மாட்டியிருக்கும். கூடை என்ஜினோடு சுற்றும். எஃகுத் தட்டுகள் நடுவிலுள்ள ஹப்பில் மாட்டியிருக்கும். ஹப் கியர் பெட்டியின் தண்டோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை இறுக்கும்வரை கூடையும் ஹப்பும் ஒன்றாகச் சுற்றும். லீவரைப் பிடித்தால் இறுக்கம் விலகி அடுக்கு தளரும்.

எவ்வளவு தளரும்? அழுத்தும் தட்டு நகர்வது ஓரிரு மில்லிமீட்டர்தான். ஐந்து உரசுத் தட்டு இருந்தால் பத்து முகங்கள். ஒன்றரை மில்லிமீட்டரைப் பத்தாகப் பங்கிட்டால் முகத்துக்கு 0.15 மி.மீ.; நல்ல தாள் ஒன்றின் தடிமன். சிவப்பு விளக்கில் வண்டி நிற்பதா ஊர்வதா என்பது அந்தத் தாள் இடைவெளியில் தீர்மானமாகிறது.

கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் கழன்று கழன்று மாட்டிக்கொள்கின்றன என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் எல்லா ஜோடிகளும் எப்போதும் பல்லோடு பல் கோத்தபடியே இருக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் தன் தண்டின்மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சக்கரம் நகர்ந்து வந்து, பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் தன் முட்டுப் பற்களை அதன் பள்ளங்களில் நுழைத்துப் பூட்டும்போதுதான் அந்த கியர் ‘விழுகிறது’. இந்த முட்டுப் பற்களை ‘டாக்’ என்பார்கள். சக்கரத்தை நகர்த்துவது ஃபோர்க். ஃபோர்க்கை நகர்த்துவது வளைந்த பள்ளங்கள் வெட்டிய ஷிஃப்ட் டிரம். டிரம்மை ஒரு படி திருப்புவது நம் கால்.

ஆகக் கை வழி ஒன்று, கால் வழி ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடம் டாக். அதன்மேல் சுமை இருந்தால் அது நகராது. கிளட்ச் முழுதாக விலகினால்தான் சுமை இறங்கும். அதனால்தான் கை வழியில் பிறந்த கோளாறு கால் வழியில் வெளிப்படுகிறது. எய்தவன் இருக்க அம்பை நோகும் கதையாக, கிளட்ச் செய்த பிழைக்கு கியர் பெட்டி பழி சுமக்கிறது.

புகாரின் மொழி

பட்டறைக்கு வரும் புகார்கள் நாலைந்து சொற்றொடருக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே இரண்டு மூன்று நோய்கள் ஒளிந்திருக்கும்.

‘வண்டி இழுக்கல’ என்பது முதலாவது. ஆக்சிலேட்டரைத் திருகும்போது என்ஜின் சத்தம் ஏறி, வேகம் மட்டும் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமும் ஏறவில்லை, வேகமும் ஏறவில்லை என்றால் கிளட்சை விட்டுவிடலாம். என்ஜின் சக்தி குறைந்திருக்கும், அல்லது பிரேக் உரசிக்கொண்டிருக்கும்.

‘கியர் ஸ்லிப் ஆகுது’ என்பதுதான் அதிகம் ஏமாற்றும் சொல். கிளட்ச் வழுக்குவதையும் இப்படிச் சொல்கிறார்கள், விழுந்த கியர் தானாகக் கழன்று வெளியே வருவதையும் இப்படியே சொல்கிறார்கள். முன்னது கிளட்ச் தட்டோடு தீரும். பின்னது என்ஜினைப் பிரிக்க வைக்கும். ஆக்சிலேட்டரைத் தளர்த்தியதும் பிடிப்பு திரும்ப வந்துவிட்டால் கிளட்ச். காலடியில் லீவர் எம்பி, மறுபடி கியர் போட்டால்தான் வண்டி நகரும் என்றால் பெட்டி.

‘கியர் டைட்டா இருக்கு’, ‘நியூட்ரல் விழல’ இரண்டுக்கும் முதல் கேள்வி ஒன்றே: என்ஜினை அணைத்துவிட்டுப் போட்டால் விழுகிறதா? வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் டாக் பள்ளத்துக்கு நேரே வராமல் முட்டிக்கொள்ளும். அதை நோயென்று எண்ணிவிடக் கூடாது. அணைத்த நிலையில் எல்லாம் சுகமாக விழுந்து, ஓடும்போது முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை. அணைத்தாலும் முரண்டு பிடித்தால் கால் வழியில் தேட வேண்டும்.

இவற்றையெல்லாம் திரட்டி ஒரு விதி சொல்லலாம்: எல்லா கியரிலும் வரும் கோளாறு கிளட்சையோ கியர் மாற்றும் அமைப்பையோ சேர்ந்தது, ஒரே ஒரு கியரில் வரும் கோளாறு அந்த கியரின் சக்கரத்தையும் ஃபோர்க்கையும் சேர்ந்தது. ஒரு சின்னத் திருத்தம் உண்டு. வழுக்கும் கிளட்ச் எல்லா கியரிலும் வழுக்கும் என்றாலும், சுமை கூடும் டாப் கியரில்தான் முதலில் தெரியவரும். அதைப் பார்த்து ‘டாப் கியர் போச்சு’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பழக்கமும் புகாராக வேடம் போடும். ஸ்ப்ளெண்டரில் நான்கு கியரும் முன்பக்கம் அழுத்தித்தான் விழும். பல்சர் போன்றவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பழைய புல்லட்டில் கியர் வலது காலில். ஒன்று மேலே, மூன்று கீழே. 1970களின் நடுவில் அமெரிக்கா இடது கால் கியரைச் சட்டமாக்கிய பிறகு உலகம் ஒரு வழிக்கு வந்தது. நம் புல்லட் 2000க்குப் பிறகுதான் மெல்ல இடம் மாறியது. அண்ணன் வண்டியை இரவல் வாங்கியவர் ‘கியர் ஏறவே இல்லை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் திசைக் குழப்பம்தான்.

லீவரும் கேபிளும்

தேடல் கையிலிருந்து தொடங்க வேண்டும். காசு செலவில்லாத இடம் அதுதான்.

லீவரைப் பிடிக்கும்போது முதலில் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். பல வண்டிகளின் கையேடு, லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் கேட்கிறது. ஆட்டமே இல்லாமல் கேபிள் இறுகியிருந்தால், லீவரைத் தொடாதபோதும் கிளட்ச் பாதி விலகியபடியே ஓடும், தட்டு வழுக்கும். ஆட்டம் அதிகமானால் முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் பாதிதான் விலகும், தட்டு ஒட்டும். ஒரே திருகாணி, ஒரு பக்கம் திருப்பினால் ஒரு நோய், மறுபக்கம் திருப்பினால் எதிர் நோய். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்ப்பதும் நல்லது. திருப்பும்போது ஆட்டம் கூடிக் குறைந்தால் கேபிள் போகும் பாதை தவறு.

அடுத்தது கேபிளின் தலை. லீவருக்குள் உட்காரும் குண்டுக்குப் பக்கத்தில்தான் உள்கம்பி முதலில் இற்றுப்போகும். ஒவ்வொரு இழையாக அறுந்து, தேய்ந்த துடைப்பம் மாதிரி விரிந்திருக்கும். மீதியிருக்கும் இழைகள் நீண்டுகொடுப்பதால் தினமும் கிளட்சை டைட் வைக்க வேண்டியிருக்கும். வாரம் இரண்டு முறை டைட் வைக்கிறோம் என்றால் நோய் தட்டில் இருக்காது. கேபிள் வழியில் அறுந்துவிடப்போகிறது என்று பொருள்.

என் வண்டிக்கு வருவோம். என்ஜினை இறக்க மனமில்லாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு புறவழிச்சாலை ஓரம் புளியமரத்தடியில் கடை போட்டிருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் ஸ்பேனர் எதையும் எடுக்கவில்லை.

‘ஆஃப் பண்ணா நியூட்ரல் வருதா தம்பி?’

‘வருதுண்ணே.’

‘எத்தனை நாளா இப்படி?’

‘ரெண்டு மூணு வாரமா.’

‘அதுக்கு முன்னாடி வண்டி எங்கயாச்சும் விழுந்துச்சா?’

அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன் வாசலில் ஸ்டாண்டு சரிந்து வண்டி சாய்ந்தது. கிளட்ச் லீவர் உடைந்தது. ‘எல்லா வண்டிக்கும் சேரும்’ என்று ஒரு கடையில் கொடுத்ததை வாங்கி மாட்டியிருந்தேன். அவர் ஒரு தகர டப்பாவைக் கிளறி, என் மாடலுக்கு உரிய பழைய லீவர் ஒன்றை எடுத்தார். என்னுடையதையும் கழற்றி, போல்ட் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று வருமாறு அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கேபிள் குண்டு உட்காரும் துளை என் லீவரில் மூன்று நான்கு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. அச்சுக்கு நெருங்கிய துளை கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கும். குறைந்த இழுப்பு, தாளளவு இடைவெளியை இன்னும் சுருக்கிவிட்டது. புது லீவர் பழசைவிட இலகுவாக இருக்கிறதே என்று அதுவரை நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். அந்த இலகுவேதான் நோய்.

வழுக்கும் கிளட்ச்

கேபிளைச் சரிசெய்த பிறகும் வழுக்கினால் உள்ளே போக வேண்டும். அதற்குமுன் ஒரு சோதனை. காலியான சாலையில், 40 கி.மீ. வேகத்தில், டாப் கியரில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்கத் திருக வேண்டும். என்ஜின் மட்டும் கத்திக்கொண்டு மேலே போய், வேகம் பின்னாலேயே தங்கினால் வழுக்கல் உறுதி. பின்னால் ஆள் உட்கார்ந்து மேடு ஏறும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். கருகிய வாடையும் வந்தால் தட்டு வெந்துகொண்டிருக்கிறது. பழைய புல்லட்டில் கிக்கரே ஒரு சோதனைக் கருவி. அதில் உதையின் விசை கிளட்ச் வழியாகத்தான் என்ஜினுக்குப் போகும். கிக்கர் எதிர்ப்பே இல்லாமல் கீழே இறங்கி, என்ஜின் சுற்றாமல் நின்றால் தட்டு பிடிக்கவில்லை.

காரணங்கள் நான்கு: தட்டின் தேய்மானம், ஸ்பிரிங்கின் தளர்ச்சி, எஃகுத் தட்டின் நீலம் பாரித்த வெந்த முகம், பொருந்தாத எண்ணெய். புதிய உரசுத் தட்டு சுமார் 3 மி.மீ. இருக்கும் நூறு சி.சி. வண்டிகளில், 2.6 மி.மீ. அளவில் அதன் ஆயுள் முடிந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். வெர்னியர் வைக்காமல் ‘தட்டு நல்லாத்தான் இருக்கு’ என்பதும், ‘தட்டு போச்சு’ என்பதும் ஊகமே. ஸ்பிரிங்கையும் கழற்றி நீளம் அளக்க வேண்டும். சூட்டில் தளர்ந்த பழைய ஸ்பிரிங்கோடு புதுத் தட்டு போட்டால், சில மாதங்களில் அதே வண்டி அதே புகாரோடு திரும்ப வரும்.

ஒட்டும் கிளட்ச்

எதிர் நோய் இது. லீவரை முழுக்கப் பிடித்தும் தட்டுகள் பிரிய மறுக்கின்றன. நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது; முதல் கியர் போட்டதும் வண்டி துள்ளும், அல்லது என்ஜின் அணையும்; கிளட்ச் பிடித்தபடியே ஊரும்.

சோதனை எளிது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட வேண்டும். பின்சக்கரம் மெல்லச் சுற்றும். அதைக் கண்டு பதற வேண்டாம்; தட்டுகளுக்கு இடையே உள்ள எண்ணெயே அவ்வளவு இழுக்கும். இப்போது பின்பிரேக்கை மிதிக்க வேண்டும். சக்கரம் நின்று, என்ஜின் பாட்டுக்கு ஓடினால் கிளட்ச் விலகுகிறது. சக்கரத்தோடு என்ஜினும் திணறினால் ஒட்டுகிறது. சக்கரத்தைக் கையால் நிறுத்திப் பார்க்கும் வீரம் வேண்டாம். ஆரக் கம்பிக்கு விரலென்றும் குச்சியென்றும் தெரியாது.

நியூட்ரலிலிருந்து முதல் கியர் விழும்போது வரும் ‘டக்’ சத்தத்தை நோயென்று நினைத்து வருபவர்கள் உண்டு. நியூட்ரலில் ஹப்பும் தண்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சக்கரத்தோடு பிணைந்த பக்கம் நின்றிருக்கும். சுற்றுவதும் நிற்பதும் சட்டென்று பூட்டிக்கொள்ளும்போது சத்தம் வராமல் எப்படி? லீவரைப் பிடித்து ஓரிரு நொடி பொறுத்து கியர் போட்டால் சத்தம் அடங்கும். ஐடிலிங் கூடியிருந்தால் சத்தமும் கூடும். பல சிறிய வண்டிகளுக்குச் சொல்லப்படும் ஐடிலிங் நிமிடத்துக்கு 1400 சுற்றுகளை ஒட்டியது. அதற்கு மேல் வைத்துவிட்டு கியர் பெட்டியைத் திட்டுவதில் பயனில்லை.

பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில் தட்டுகள் எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இது காலைச் சடங்கு: ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலு முறை மிதிப்பார்கள், தட்டுகள் விடுபடும். காலையில் மட்டும் ஒட்டி, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் கிளட்சுக்கு வைத்தியம் தேவையில்லை. நேர்மாறாக, காலையில் நன்றாக இருந்து, நெரிசலில் சூடேறிய பிறகு ஒட்டத் தொடங்கினால் எஃகுத் தட்டுகள் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடிப் பலகைமேல் தட்டை வைத்து, விளிம்புக்கு அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கலாம், 0.2 மி.மீ. தகடு நுழைந்தால் பல வண்டிகளில் அது வரம்பைத் தொட்ட தட்டு.

இன்னொரு காரணம், தட்டை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாது. அதே புளியமரத்தடியில் வேறொரு வண்டியின் ஹவுசிங்கை அந்த மெக்கானிக் என் கையில் கொடுத்து, ‘நகத்தை ஓட்டிப் பாரு’ என்றார். கூடையின் ஒவ்வொரு விரலிலும், தட்டின் காது உட்காரும் இடத்தில், படிக்கட்டு மாதிரி பள்ளங்கள். நகம் ஒவ்வொன்றிலும் தட்டி நின்றது. ஆண்டுக்கணக்கில் அலுமினிய விரலைத் தட்டின் காதுகள் கொத்திய தடம் அது. லீவரைப் பிடிக்கும்போது தட்டுகள் வழுக்கிக்கொண்டு பிரிய வேண்டும். இந்தப் பள்ளங்களில் சிக்கி நின்றுவிடுகின்றன. அந்த வண்டிக்காரர் அதற்குள் இரண்டு முறை புதுத் தட்டு மாற்றியிருந்தாராம். மேலோட்டமான பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமானால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். அளவில்லாமல் அராவினால் தட்டுகளுக்கு ஆட்டம் கூடி, கொத்தல் இன்னும் வேகமாகும்.

புதுத் தட்டு போட்ட அன்றே ஒட்டுகிறதென்றால், போடுமுன் எண்ணெயில் ஊறவைத்தார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒரே எண்ணெய், மூன்று வேலை

காரில் என்ஜினுக்கு ஓர் எண்ணெய், கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். கிளட்சோ பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். நம் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் பிஸ்டனைக் குளிப்பாட்டுவதும் கியரைக் காப்பதும் கிளட்சை நனைப்பதும் ஒரே எண்ணெய். பிஸ்டனுக்கு வழுக்க வேண்டும். கிளட்சுக்கு வழுக்கக் கூடாது. இந்த முரணைச் சமாளிக்கத்தான் ஜப்பானியத் தரநிலை அமைப்பான ஜாசோ 1998இல் இருசக்கர வாகன எண்ணெய்க்கெனத் தனித் தரம் கொண்டுவந்தது. டப்பாவில் ‘எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்றிருந்தால் நனைந்த கிளட்சுக்கு ஏற்றது. ‘எம்பி’ என்றிருந்தால் உராய்வு குறைந்தது, பெரும்பாலும் கியரில்லாத ஸ்கூட்டருக்கானது. வீட்டில் மீந்த கார் எண்ணெயையோ ஸ்கூட்டர் எண்ணெயையோ பைக்கில் ஊற்றிய பிறகு கிளட்ச் வழுக்கத் தொடங்கினால், தட்டைக் குறைசொல்வதற்குமுன் எண்ணெயை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வடித்த எண்ணெய் நல்ல சாட்சி. காந்தம் வைத்த மூடியில் சாம்பல் நிறக் குழம்பாக நுண்துகள் ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுமினுப்பு அலுமினியம். கருகிய வாடையோடு கறுத்த தூள் மிதந்தால் கிளட்ச் தட்டு. பெட்டியைப் பிரிக்கலாமா வேண்டாமா என்பதைப் பல நேரம் இந்த வடிகிண்ணமே சொல்லிவிடும்.

கால் வழி

கிளட்ச் குற்றமற்றது என்று தெரிந்த பிறகு கால் பக்கம். இங்கேயும் வெளியிலிருந்துதான் தொடக்கம். வண்டி இடப்பக்கம் விழுந்திருந்தால் கியர் லீவர் வளைந்து என்ஜின் கவரில் இடிக்கும். ஒரு திசையில் கியர் முழுதாகப் போகாது. லீவரின் போல்ட் தளர்ந்து உட்பற்கள் மழுங்கினால், கால் போகும், தண்டு திரும்பாது. இரண்டையும் குனிந்து பார்த்தாலே தெரியும்.

அதற்கு உள்ளே, பல வண்டிகளில் கிளட்ச் கவரைக் கழற்றினாலே எட்டும் தூரத்தில், மூன்று சின்ன உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, லீவரை நடுநிலைக்குத் திருப்பும் ஸ்பிரிங். அது உடைந்தால் போட்ட கியரிலேயே லீவர் தொங்கும். காலால் திரும்பத் தூக்கிவிட்டால்தான் அடுத்த கியர். இரண்டு, அந்த ஸ்பிரிங்கின் இரு கால்களும் அணைத்து நிற்கும் முளை. அது தளர்ந்தால் கியர் ஏறும், இறங்காது. அல்லது இறங்கும், ஏறாது. மூன்று, டிரம்மின் நட்சத்திரத் தட்டில் உருண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் உட்காரும் ஸ்டாப்பர் கை. கியர் விழும்போது காலுக்குத் தெரியும் ‘கிளிக்’ இதனுடையது. இதன் ஸ்பிரிங் போனால் கிளிக் மறைந்து, கியர் ஒன்று தாண்டி விழும், அல்லது இரண்டுக்கும் நடுவே தொங்கும்.

இந்த மூன்றுக்கும் என்ஜினை இறக்க வேண்டியதில்லை. எந்த கியர் என்றில்லாமல் எல்லாவற்றிலும் குழப்பம் வந்தால் முதலில் இவற்றைப் பார்க்க வேண்டும். பழைய எஸ்டியில் இந்த இடத்தில் கூடுதலாக ஒரு நுட்பம்: கியர் லீவரை அசைத்தாலே ஓர் இணைப்பு கிளட்சையும் விலக்கும். அதனால் அங்கே கிளட்சின் அமைவு கெட்டால் கால் வழியும் சேர்ந்தே கெடும்.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் பொய் நியூட்ரல் வருவது தனிக் கதை. ஒன்று கீழே, மற்றவை மேலே உள்ள வண்டிகளில் நியூட்ரல் இந்த இரண்டுக்கும் இடையே அரைப்படியில் இருக்கிறது. தயங்கித் தூக்கும் கால் அந்த அரைப்படியிலேயே நின்றுவிடும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் பொய் நியூட்ரல் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே நிற்க இடமே இல்லை.

பெட்டிக்குள்

இவ்வளவும் தாண்டி மீந்திருப்பதுதான் உண்மையான ‘பாக்ஸ்’ கோளாறு. அதன் அடையாளம், குறிப்பிட்ட ஒரு கியர் சுமையில் கழன்று வெளியே வருவது. மூன்றாவதில் மேடேறும்போது மட்டும் லீவர் எம்புகிறது. நான்காவதில் எந்தத் தொல்லையும் இல்லை.

பல வண்டிகளில் டாக்கின் முகங்கள் உட்பக்கமாகச் சற்றே சரிந்து வெட்டப்பட்டிருக்கும். அதனால் சுமை ஏற ஏற இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கிளட்சை முழுக்கப் பிடிக்காமல் கியர் போட்டுப் போட்டு முனைகள் மழுங்கினால் கணக்கு தலைகீழாகும்: சுமை ஏற ஏற ஒன்றையொன்று வெளியே தள்ளும். வெளியே போகாமல் தடுக்கும் வேலை ஃபோர்க்கின் தலையில் விழுகிறது. அது அதற்காகச் செய்த உறுப்பில்லை. நுனி உரசிச் சூடேறி நீலம் பாரிக்கும், பிறகு வளையும். கியர் கழன்று வரும் வண்டியை ‘பரவாயில்லை, பிடித்துக்கொண்டே ஓட்டலாம்’ என்று காலால் முட்டுக்கொடுத்து ஓட்டுபவர்கள் ஒரு சக்கரச் செலவை ஃபோர்க்குக்கும் டிரம்முக்கும் சேர்த்துப் பெருக்குகிறார்கள். மாற்றும்போதும் மழுங்கிய சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாது. அதோடு பூட்டிக்கொள்ளும் இணைச் சக்கரமும் அதே அளவு தேய்ந்திருக்கும்.

சும்மா பழி சுமப்பவை

கிளட்சும் பெட்டியும் நன்றாக இருந்தும் ‘கியர் மாத்தும்போது இடிக்குது’ என்று வரும் வண்டிகளும் உண்டு. செயின் தொங்கினால் ஒவ்வொரு கியருக்கும் வண்டி வெட்டும். பின்சக்கர ஹப்பில் இருக்கும் ரப்பர்கள் நசுங்கிப்போனால் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் ‘டொக்’ என்று கேட்கும். முன் ஸ்பிராக்கெட்டின் உட்பற்கள் மழுங்கிவிட்டால் கியரும் விழும், என்ஜினும் ஓடும், வண்டி மட்டும் நகராது. அதைப் பார்த்துக் கிளட்ச் தட்டு மாற்றினால் தட்டும் போச்சு, காசும் போச்சு. நியூட்ரல் சுவிட்ச் பழுதானாலும், விழுந்த நியூட்ரலுக்கு விளக்கு எரியாது. விளக்கை நம்புவதற்கு முன் வண்டியை உருட்டிப் பார்ப்பது நல்லது.

தீராத வாதங்கள்

சிக்னலில் நியூட்ரலில் நிற்பதா, கிளட்சைப் பிடித்தபடி முதல் கியரில் நிற்பதா? முழுக்கப் பிடித்த கிளட்சில் தட்டு அதிகம் தேயாது. கேபிளும் கிளட்சைத் தள்ளும் பேரிங்கும்தான் உழைக்கும். ஐந்து நொடிக்குப் பிடிக்கலாம். ஒரு நிமிட விளக்குக்கு நியூட்ரலே நல்லது. வண்டி முழுக்க நிற்பதற்குமுன், உருளும்போதே நியூட்ரலுக்கு வந்துவிட்டால் டாக் எளிதில் விலகும். தட்டை உண்மையில் தின்பது அரைக் கிளட்ச். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில் அரைக் கிளட்ச் பிடித்தே ஏறியவர், கீழே ஓராண்டு ஓட்டித் தேய்க்க வேண்டியதை ஒரே நாளில் தேய்த்திருக்கக்கூடும். முதல் கியருக்கு இறக்கி, லீவரை முழுக்க விட்டுவிட்டு ஏறுவதே வழி.

தட்டு மட்டுமா, முழு செட்டா என்பது இன்னொரு வாதம். அளந்து பார்த்தால் வாதத்துக்கே இடமில்லை. ஹவுசிங்கில் பள்ளமில்லை, ஹப் நேராக இருக்கிறது என்றால் தட்டும் ஸ்பிரிங்கும் போதும். அளக்காதவருக்கு முழு செட் பாதுகாப்பு, செலவு வண்டிக்காரருடையது.

சொல்லத் தெரிந்தால்

கை, கேபிள், எண்ணெய், கிளட்ச் கவர், கடைசியாகப் பெட்டி. இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் செலவு பல மடங்கு கூடுகிறது. முதல் படியில் காசே இல்லை. கடைசிப் படியில் என்ஜின் தரையில் கிடக்கிறது. முதல் பட்டறைக்காரர் நேரே கடைசிப் படிக்குப் போனார் என்பது உண்மைதான். ஆனால் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது நான் சொன்ன இரண்டு சொல். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வாய்மூடிக்கொள்ளும் நோயாளிக்கு எந்த மருத்துவரும் ஸ்கேன் எழுதத்தான் செய்வார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது இது: ‘ஒண்ணு ரெண்டு வாரமா, நிக்கும்போது மட்டும் நியூட்ரல் விழல. ஆஃப் பண்ணா விழுது. கிளட்ச் பிடிச்சாலும் வண்டி ஊருது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் லீவர் மாத்தினேன்.’ சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. கேட்டிருந்தால் அவர் பார்வையும் என்ஜினைத் தாண்டி ஹேண்டில்பாருக்குப் போயிருக்கும்.